தலைக்கு அரை லிட்டர்

மணப்பாடு
4.7.2025

திரு. குமரகுருபரன் அவர்களுக்கு ஹென்றி எழுதுதேன்.

எந்த ஹென்றின்னு கேக்க மாட்டீருன்னு நினைக்கேன். உம்ம வீட்டுக்காரி டெல்பினுக்குக் கூடப்பிறந்த அண்ணன். இருபத்தேழு வருஷத்துல உமக்கு நான் போடுற மொத கடுதாசி இதான். போன்ல பேசித் தொலைக்கலாமேன்னு என் வீட்டுக்காரி கிரேஸி சொல்லுதா. எங்கம்மாவ அடக்கம் பண்ணுன அன்னைக்குக் குழிமேட்டுல நின்னு, இந்த ஆளுகூட இனி வாய் தொறந்து பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணுனவன் நான். எழுதுறது பேச்சுல சேராது. எங்க பங்குச் சாமியார்கிட்டயும் கேட்டுக்கிட்டேன். அவரும் கொஞ்சம் யோசிச்சிட்டு, சேராதுன்னுதான் சொன்னாரு.

கிரேஸி உம்ம வீட்டுக்குப் போன் பண்ணி டெல்பின்கிட்ட பேசுறது எனக்குத் தெரியாதுன்னு அவ நெனச்சிக்கிட்டு இருக்கா. நானும் தெரியாத மாதிரிதான் இத்தனை வருஷம் இருந்தேன். போன வாரம் அடுப்படியில நின்னு அழுதுக்கிட்டு இருந்தா. என்னன்னு கேட்டா வெங்காயம்ங்கா. அன்னைக்கு வீட்டுல வெங்காயமே கிடையாது. பெறகுதான் எல்லாத்தையும் கக்குனா.

டவுன் பஸ்சு ஒரு வேகத்தடையில ஏறி இறங்குச்சாம். கடைசி சீட்டுல இருந்த என் தங்கச்சிக்கு முதுகெலும்பு நசுங்கிப்போச்சாம். ஏன் வே, பஸ் கவுந்துச்சா, லாரி வந்து மோதிச்சா? ஒரு வேகத்தடை. பக்கத்துல இருந்த எழுபது வயசுக் கிழவி சேலையை ஒதறிட்டு எந்திரிச்சு நடந்து போயிட்டாளாமே. ஐம்பத்து மூணு வயசுக்காரிக்கு எலும்பு அப்பளம் மாதிரி நொறுங்குனா அதுக்கு என்ன அர்த்தம்?

அர்த்தத்தை நானே சொல்லுதேன். எங்க வீட்டுல இருந்தப்ப அவ நெத்திலியத் தலையோட முள்ளோட மென்னு தின்ன பிள்ளை. வள்ளத்தக் கரையில தள்ளும்போது எங்க கூட நின்னு தோள் குடுப்பா. அப்பேர்ப்பட்ட ஒடம்ப உங்க சைவ அடுப்படியில கொண்டு போய் வெச்சு, மீன் வாசமே காட்டாம, சாம்பாரும் பொரியலுமா ஊத்தி ஊத்தி எலும்ப ஊற வெச்சிட்டீரு. வீட்டுக்கு வீடு என்ன திங்காங்கன்னு நோட்டுப் போட்டு எழுதுற சர்க்கார் உத்தியோகம் உமக்கு. அப்பிடி எழுத வந்த எடத்துலதான எங்க வீட்டுப் பிள்ளையையே கூட்டிட்டுப் போனீரு? இப்போ நான் கேக்குதேன். உம்ம வீட்டுல என் தங்கச்சி என்ன தின்னா? எழுதும்.

ஹென்றி

பாளையங்கோட்டை
11.7.2025

திரு. ஹென்றி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. டெல்பினிடம் காட்டவில்லை. அவள் இப்போது குனியவும் கூடாது, வருத்தப்படவும் கூடாது.

முதலில் தகவல் பிழைகளைத் திருத்தி விடுகிறேன். அவள் இருந்தது கடைசி சீட்டு அல்ல, அதற்கு முந்தின சீட்டு. நசுங்கியது இடுப்புக்குச் சற்று மேலே இருக்கும் ஒரே ஒரு முதுகெலும்பு. கிழவியின் வயது எழுபதா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்தோம். அதில் மைனஸ் இரண்டரைக்குக் கீழே போனாலே எலும்புத் தேய்மானம் என்று எழுதுவார்களாம். டெல்பினுக்கு மைனஸ் மூன்று புள்ளி இரண்டு. வாரம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். தவிர தினமும் சுண்ணாம்புச் சத்து மாத்திரை. இன்னொரு முறை விழுந்தால் அடுத்தது இடுப்பு மூட்டாக இருக்கலாம் என்றும், அது முறிந்தால் நடப்பது கஷ்டம் என்றும் டாக்டர் எபனேசர் சொல்லியிருக்கிறார்.

காரணம் ஒன்றல்ல. முப்பத்தொன்பது வயதில் அவளுக்குக் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு எலும்பு வேகமாகக் கரையுமாம். வெயில் படாத வாழ்க்கையும் ஒரு காரணம். சாப்பாடும் ஒரு காரணம். எது எத்தனை சதவீதம் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்களுக்கு அந்தச் சிரமமே இல்லை, முழுச் சதவீதத்தையும் என் அடுப்படியின் பேரில் எழுதிவிட்டீர்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். என் வீட்டில் நான், டெல்பின், என் அக்கா கோமு, மகள் சித்ரலேகா என்று நான்கு பேர். தினமும் இரண்டு லிட்டர் பால் வாங்குகிறோம். தயிரும் மோரும் அதிலேதான். தலைக்கு அரை லிட்டர். அரை லிட்டர் பாலில் ஏறக்குறைய அறுநூறு மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அவள் வயதுக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு வேண்டும். பாதி பாலிலேயே வந்துவிடுகிறது. மீதிக்குக் கீரை, கேப்பை, எள்ளு. மீன் என்று நீங்கள் பெருமைப்படுகிற சீலாவிலும் பாறையிலும் சதையில் இந்தச் சத்து அதிகம் கிடையாது. முள்ளில்தான் இருக்கிறது, அந்த முள்ளை நீங்கள் பூனைக்குப் போடுகிறீர்கள். மீன் சாப்பிடாதே என்று நான் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

உங்கள் அம்மாவின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே இரண்டு மணி நேரம் நானும் டெல்பினும் நின்றோம். உள்ளே விடவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, சத்தியத்தைப் பற்றி நீங்களே பேச்செடுத்ததால் குறித்து வைக்கிறேன்.

குமரகுருபரன்

மணப்பாடு
17.7.2025

குமரகுருபரன் அவர்களுக்கு,

சர்க்கார் கடுதாசி மாதிரியே இருக்கு. கீழ சீல் வெச்சிருக்கான்னு கிரேஸி திருப்பித் திருப்பிப் பாத்தா.

கர்ப்பப்பை எடுத்தது எனக்குத் தெரியாது. கிரேஸிக்குத் தெரிஞ்சிருக்கு. பதினாலு வருஷமா எங்கிட்ட சொல்லல. அவளத் திட்டவும் எனக்கு வாய் இல்ல. சொல்ல விட்டிருந்தாத்தான சொல்லுவா.

சரி, உம்ம கணக்குக்கு வாரேன். தலைக்கு அரை லிட்டர்னு எழுதிட்டீரு. தலைய எண்ணினீரு, வாயப் பாத்தீரா? எங்க கரையில பத்து வள்ளம் கடலுக்குப் போகுதுன்னு வையும். மொத்தம் நூறு கிலோ மீன் கரையேறுது. வள்ளத்துக்குப் பத்துக் கிலோன்னு உம்மள மாதிரி ஒரு ஆளு எழுதிட்டுப் போயிருவாரு. அன்னைக்கு ரெண்டு வள்ளம் அம்பது அம்பது அள்ளியிருக்கும், எட்டு வீட்டுல உலை வெச்சிருக்க மாட்டாக. உம்ம வீட்டுக்கு ரெண்டு லிட்டர் வருது, ஒத்துக்கிடுதேன். அதுல எத்தனை மடக்கு டெல்பின் தொண்டையில இறங்குது? நீரு கண்ணால பாத்ததுண்டா?

எனக்கு டாக்டர் படிப்பு கிடையாது. போட் எஞ்சின் ரிப்பேரு பாக்குறவன். எண்ணெய் டேங்குல நிறைய இருக்கும், குழாய் அடைச்சிருக்கும், எஞ்சின் நின்னுபோகும். நடுக்கடல்ல போயி டேங்கு நிறைய இருக்கேன்னு சொன்னா அது ஓடுமா?

முள்ளப் பூனைக்குப் போடுதோம்னு எழுதியிருக்கீரு. பெரிய மீன் முள்ளுதான் பூனைக்கு. நெத்திலி முள்ளு எங்க வயித்துக்கு. கிரேஸி நல்ல நெத்திலியா பாத்து காயவெச்சு வெச்சிருக்கா. அனுப்புனா உம்ம வாசப்படி தாண்டி உள்ள போகுமா, இல்ல உம்ம அக்கா சாணி தெளிப்பாகளா? கோவத்துல கேக்கல. தெரிஞ்சுக்கிடணும்.

வலி எப்படி இருக்கு அவளுக்கு? ராத்திரி தூங்குதாளா?

ஹென்றி

பாளையங்கோட்டை
2.8.2025

திரு. ஹென்றி அவர்களுக்கு,

தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கடிதம் வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பது வருஷம் புள்ளியியல் துறையில் இருந்தவனுக்குச் சராசரி என்றால் என்ன என்று எஞ்சின் மெக்கானிக் பாடம் எடுக்கிறாரே என்று அக்காவிடம் சொல்லிப் பொருமினேன். அக்கா மோர் கடைந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் டெல்பினின் தட்டைப் பார்த்தேன். ரசம் சோற்றோடு முடித்துக்கொண்டு, மோருக்கு நிற்காமல் கையைக் கழுவப் போய்க்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஏழு நாள், நாங்கள் வெளி வீடுகளில் செய்வது போலவே செய்தேன். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை அவள் வாயில் போனதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். டாக்டர் கேட்டார் என்று சொல்லிக்கொண்டேன், அது பொய் இல்லை, அவரும் கேட்டிருந்தார். காலையில் கடுங்காப்பி. நாங்கள் மூவரும் பால் காப்பி. இட்லிக்கு எள்ளு மிளகாய்ப்பொடி, அதுவும் ஒரு சிட்டிகை. மத்தியானம் குழம்பு, ரசம். மோர் கிடையாது. சாயங்காலம் மறுபடியும் கடுங்காப்பி. வெள்ளிக்கிழமை அக்கா பாயசம் வைத்தாள், டெல்பின் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் முருங்கைக்கீரை, ஒரு நாள் கேப்பை தோசை. எல்லாம் சேர்த்துச் சராசரியாக ஒரு நாளைக்கு முந்நூறு மில்லிகிராம் தேறவில்லை. சராசரி என்ற வார்த்தையை இப்போது கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

பால், தயிர், மோர், நெய் என்று நான்கு கட்டம் போட்டிருந்தேன். ஏழு நாளும் நான்கிலும் பூஜ்யம்.

நீங்கள் கேட்கலாம், இருபத்தேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவனுக்கு இது தெரியாதா என்று. கடுங்காப்பி குடிக்கிறாள் என்பது தெரியும். கடற்கரைக்காரர்களுக்குக் கடுங்காப்பிதான் பழக்கம் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். மோர் ஊற்றிக்கொள்ளாததையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன். எத்தனையோ வீட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து, யார் யார் எத்தனை தம்ளர் என்று துருவித் துருவிக் கேட்டவன். என் வீட்டுக்கு ஒரு படிவம் நான் நிரப்பியதே கிடையாது.

நோட்டை டாக்டரிடம் காட்டினேன். ரத்தத்துக்குச் சுண்ணாம்புச் சத்து எந்நேரமும் ஒரு அளவில் இருந்தே ஆக வேண்டுமாம். சாப்பாட்டில் வராவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். எலும்பு வாய் பேசாது, உடைகிற நாள் வரை கொடுத்துக்கொண்டே இருக்கும் என்றார். சுண்ணாம்புச் சத்து மாத்திரை வயிற்றைக் கட்டுகிறது என்று அவள் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் போடுகிறாள். சாப்பாட்டில் கூட்டியே ஆக வேண்டும், பாலும் மோரும்தான் சுலபமான வழி, அது ஏன் இல்லை என்று அவர் டெல்பினைக் கேட்டார். சின்ன வயதிலிருந்தே பால் ஒத்துக்கொள்ளாது, வயிறு உப்பும் என்றாள்.

உங்களிடமிருந்து ஒரு தகவல் தேவைப்படுகிறது. சின்ன வயதில் அவள் பால் குடிப்பாளா?

வலி குறைந்திருக்கிறது. ராத்திரி இரண்டு முறை விழிக்கிறாள். கருவாட்டைப் பற்றிய கேள்விக்கு அடுத்த கடிதத்தில் பதில் எழுதுகிறேன்.

குமரகுருபரன்

மணப்பாடு
9.8.2025

குமரகுருபரன் அவர்களுக்கு,

பால் ஒத்துக்காதாமா? யாருக்கு, டெல்பினுக்கா? படிச்சதும் நானும் கிரேஸியும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

கேளும். எங்க வீட்டுக்கு அடுத்த வீட்டுல ரெண்டு ஆடு நின்னுச்சு. காலையில ஆட்டுப்பாலு கறக்குற சத்தம் கேட்டா இவ தம்ளரத் தூக்கிட்டு வேலியத் தாண்டி நிப்பா. எங்கப்பா தூத்துக்குடி போயிட்டு வரும்போது ஒரு டின் பாலு வாங்கிட்டு வந்தாரு, கிறிஸ்துமஸுக்குன்னு. ராத்திரியோட ராத்திரியா ஆணிய வெச்சு ரெண்டு ஓட்டை போட்டு முழு டின்னையும் உறிஞ்சிட்டு, வெறும் டின்ன அலமாரியில அப்படியே நிமித்தி வெச்சிட்டா. கிறிஸ்துமஸ் அன்னைக்குத் தூக்குனா காத்து. அடி எனக்கு விழுந்துச்சு. அவ வயிறு உப்பவுமில்ல, ஒரு மண்ணும் ஆகல. அந்த அடிய இன்னைக்கும் சொல்லிக்காட்டியிருப்பேன், சொல்ல எடமில்லாமப் போச்சு.

பொய் சொல்லுதா வே. டாக்டர்கிட்டயே பொய் சொல்லுதா. ஏன்னு பைய கேளும். மிரட்டாதேயும், மிரட்டுனா வாயத் தைச்சிக்கிடுவா. எங்க குடும்பமே அப்படித்தான்.

இன்னொண்ணும் கேக்கணும். இங்கன இருந்தப்ப மீனும் தின்னா, பாலும் குடிச்சா. அங்கன வந்து ரெண்டையும் விட்டிருக்கா. பால் கதை என்னன்னு எனக்குப் புரியல. மீன் கதையாவது உமக்குத் தெரியும். சொன்னதில்லன்னு ஒரு தடவ, அடுத்த கடுதாசியிலன்னு ஒரு தடவ, ரெண்டு தடவையா நழுவுதீரு. சொல்லாம என்ன செஞ்சீரு?

ஹென்றி

பாளையங்கோட்டை
21.8.2025

திரு. ஹென்றி அவர்களுக்கு,

மீன் கதையை முதலில் எழுதிவிடுகிறேன். 1998, ஆடி மாதம். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டெல்பின் மார்க்கெட்டில் நெத்திலிக் கருவாடு வாங்கிவந்து வறுத்தாள். அக்கா அன்றைக்குக் குறுக்குத்துறைக்கு ஆற்றில் குளிக்கப் போயிருந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. என் தட்டை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் வீட்டு ஜன்னலை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தேன். அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்த வாணலியை நான் பார்க்கவில்லை. நான் தடுக்கவில்லை என்று இத்தனை வருஷம் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். உங்களிடமும் சொன்னேன். அது உண்மையில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. கருவாட்டை அனுப்புங்கள், வாசப்படி தாண்டி உள்ளே வரும்.

இனி பால். டின் பால் கதையை அவளிடம் வாசித்துக் காட்டினேன். உங்கள் கடிதங்கள் வருவது அவளுக்கு அப்போதுதான் தெரியும். முதலில் சிரித்தாள். முதுகு வலிக்கும், சிரிக்காதே என்றேன். பிறகு கடிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, காரணத்தைச் சொன்னாள். சொன்னதோடு, இதை அண்ணனுக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் வாக்கும் வாங்கிக்கொண்டாள். யாரும் சொல்லி வரக் கூடாதாம், தானாக வர வேண்டுமாம். யார், எங்கே என்று நான் எழுத முடியாது.

வாக்கை நான் மீற மாட்டேன். சத்தியங்களைப் பொறுத்தவரை நீங்களும் நானும் ஒரே ரகம். ஆனால் என் தொழில் தகவல் சொல்வது அல்ல, கேட்பது. கேள்வி கேட்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. ஆகவே கீழே ஐந்து கேள்விகள் இருக்கின்றன. பதில் எழுதுவது உங்கள் விருப்பம்.

ஒன்று. உங்கள் குடும்பத்தில் கல்யாணம் முடிந்ததும் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பால் பழம் கொடுப்பது எந்த வீட்டார்?

இரண்டு. பெண்ணின் தகப்பனார் காலமாகிவிட்டிருந்தால் அதைக் கொடுக்க வேண்டியவர் யார்?

மூன்று. 12.6.1998 அன்று பாளையங்கோட்டையில் பதிவுத் திருமணம் செய்துகொண்ட ஒரு பெண்ணுக்கு இது கொடுக்கப்பட்டதா? ஆம் எனில், தேதி?

நான்கு. இல்லை எனில், பிறந்த வீட்டுப் பால் வாயில் படும் வரை வேறு பால் தொட மாட்டேன் என்று அந்தப் பெண் மாதாவிடம் நேர்ந்துகொண்டிருந்தால், எந்தெந்தப் பொருள்களை அவள் விட்டிருப்பாள்? எத்தனை வருஷம்?

ஐந்து. நீங்கள் மேற்கொண்டு என்ன செய்வதாக உத்தேசம்?

ஐந்தாவதில் என் சொந்த ஆசையும் கலந்திருக்கிறது. படிவத்தில் அப்படி இருக்கக் கூடாது. இருந்துவிட்டுப் போகட்டும்.

குமரகுருபரன்

மணப்பாடு
28.8.2025

குமரகுருபரன் அவர்களுக்கு,

உம்ம கடுதாசி வந்து நாலு நாளாச்சு. படிச்சிட்டு கரையில கெடந்த வள்ளத்துல போயி உக்காந்துட்டேன். கிரேஸி தேடி வந்து, அவளும் படிச்சிட்டு, பக்கத்துலயே உக்காந்துட்டா.

பதில் எழுதுதேன். எழுதிக்கிடும்.

ஒண்ணு. பொண்ணு வீட்டார்.

ரெண்டு. மூத்த அண்ணன். எனக்கு அப்பா செத்தப்பவே அந்த எடம் வந்துட்டுது.

மூணு. குடுக்கல. ஆனா உமக்குத் தெரியாத ஒரு தகவல் இருக்கு, அதையும் சேர்த்து எழுதும். உங்க ரிஜிஸ்டர் கல்யாணம் முடிஞ்ச நாலாம் நாள் கிரேஸி பாலக் காய்ச்சித் தூக்குவாளியில ஊத்தி, ஒரு சீப்பு நாட்டுப்பழமும் வாங்கிப் பையில வெச்சிக்கிட்டு, பஸ்ஸுக்குப் போயி நின்னா. எங்கம்மாதான் அனுப்பியிருக்கு. யாரோ வந்து சொன்னாங்க. நான் ஓடிப்போயி ஊரு பாத்துக்கிட்டு இருக்கும்போது தூக்குவாளியப் பிடுங்கி மணல்ல கவுத்தேன். பெரிய வீரன்னு நெனப்பு. கிரேஸி அன்னைக்கு அழுவல. பழத்த மட்டும் பொறுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டா. அந்தப் பாலு டெல்பினுக்குப் போய்ச் சேந்திருந்தா இன்னைக்கு அந்த பஸ்ஸுல இருந்து அவளும் எந்திரிச்சு நடந்து போயிருப்பாளோ என்னமோ. டாக்டரு பிரிச்சுச் சொல்ல முடியாதுன்னாருன்னு எழுதியிருந்தீரு. எனக்குப் பிரிக்க முடியுது.

நாலு. பாலு, தயிரு, மோரு, நெய்யி, பாயசம், பால் காப்பி. அவ நேர்ந்துக்கிட்டா அரைகுறையா நேர மாட்டா. இருபத்தேழு வருஷம் ரெண்டு மாசம். பிள்ளை உண்டாயிருந்தப்பவுமா வே குடிக்கல? சித்ரலேகாவுக்குப் பால் குடுத்த காலத்துலயும் இவ குடிக்கலையா? அப்போ அந்தப் பிள்ளைக்குப் போனதெல்லாம் அவ எலும்புல இருந்து போனதுதானா? உம்ம அடுப்பத் திட்டி எழுதுன மொத கடுதாசியத் திருப்பி அனுப்பும், நான் கிழிச்சிப் போடுதேன்.

தட்டத் தூக்கிட்டு முன் ரூமுக்குப் போனத எழுதியிருந்தீரு. அதுக்கு உம்ம மேல கோவம் வரும்னு நெனச்சேன். வரல. நான் கவுத்த தூக்குவாளிக்கு முன்னால உம்ம தட்டு எம்மாத்திரம்.

அஞ்சு. இதுக்கு எழுத்துல பதில் இல்ல.

ஆனா ஒண்ணு சொல்லிப்போடுதேன். உம்மகூட வாய் தொறந்து பேச மாட்டேன்னு அம்மா குழிமேட்டுல பண்ணுன சத்தியம் அப்படியே இருக்கு. வந்தாலும் தங்கச்சிகூடத்தான் பேசுவேன். தப்பா எடுத்துக்கிடாதேயும்.

ஹென்றி

பாளையங்கோட்டை
6.9.2025

மச்சான் ஹென்றி அவர்களுக்கு,

எல்லோரும் நலம். புதன்கிழமை நீங்களும் அக்கா கிரேஸியும் வந்து போன பிறகு நடந்ததை எழுதச் சொல்லி டெல்பின் மூன்று நாளாக நச்சரிக்கிறாள். இனி போன் இருக்கிறதே என்றேன். கடுதாசியில் எழுதினால்தான் அண்ணன் இரண்டு தடவை படிப்பான் என்கிறாள்.

நீங்கள் தூக்குவாளியோடு வாசலில் நின்றதும், அவளைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நேரே சமையலறைக்குள் போனதும், அங்கே எல்லா அடுக்கையும் உருட்டிவிட்டு வெளியே வந்து "மச்சான், தம்ளர் எங்க வே இருக்கு?" என்று என்னைக் கேட்டதும் கோமு அக்கா வாயால் இதுவரை நான்கு வீட்டுக்குப் போயாகிவிட்டது. சத்தியம் முறிந்ததை நீங்கள் அப்போது கவனித்த மாதிரி தெரியவில்லை. நான் கவனித்தேன். தம்ளர் இருக்கும் இடம் எனக்கும் சட்டென்று ஞாபகம் வரவில்லை.

அவள் ஒரே மூச்சில் முழுத் தம்ளரையும் குடித்ததை நீங்கள் பார்த்தீர்கள். நீங்கள் பஸ் ஏறின பிறகு என்னைக் கூப்பிட்டு, அண்ணனிடம் சொன்னீர்களா என்று கேட்டாள். சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன் என்று நோட்டில் வைத்திருந்த படிவ நகலைக் காட்டினேன். படித்துவிட்டு நோட்டுக்குள்ளேயே திருப்பி வைத்தாள். இப்படி ஒரு நேர்ச்சையை ஏன் எங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒரு மாசத்துல வந்துருவான்னு நெனச்சேன். அப்புறம் அத எப்படி விடுறதுன்னு தெரியல" என்றாள். விட்டால் நீங்கள் வரவே மாட்டீர்கள் என்று தானே ஒத்துக்கொண்டது போல ஆகிவிடுமாம். இதை அழாமல்தான் சொன்னாள். அழுதது நான்.

அடுத்த தகவல் கொஞ்சம் சிரிப்பானது, கொஞ்சம் சிரிப்பு வராதது. அன்று சாயங்காலமே அவளுக்கு வயிறு உப்பிக்கொண்டது. இரைச்சல், வலி, மறுநாள் மத்தியானம் வரை அவஸ்தை. டாக்டரிடம் போனோம். இத்தனை வருஷம் தொடாமல் இருந்துவிட்டு ஒரு முழுத் தம்ளரை இறக்கினால் வயிறு ஏற்காது, வயதாக ஆகப் பாலைச் செரிக்கும் சக்தியும் குறையும் என்றார். பால் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டரிடம் சொன்ன பொய் இப்போது மெய்யாகிவிட்டது. மோரில் தொடங்கி, பிறகு தயிர், வயிறு பழகினால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சேராது என்று தெரிந்திருந்தால் குடித்திருப்பாயா என்று டெல்பினிடம் கேட்டேன். என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

போன எலும்பு எவ்வளவு திரும்பும் என்றும் கேட்டேன். மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்தால் கரைவது நிற்கும், கொஞ்சம் ஏறவும் ஏறலாம், ஐம்பத்து மூன்று வயதில் முழுதும் திரும்பும் என்று நினைக்க வேண்டாம் என்றார். ஒரு வருஷம் கழித்து மறுபடியும் அடர்த்திப் பரிசோதனை. விழாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது முக்கியம். குளியலறையில் கைப்பிடி வைத்துவிட்டேன். காலையில் அரை மணி நேரம் வெயிலில் நடக்கிறாள், நானும் கூடப் போகிறேன். பதினான்காம் தேதி சிலுவைத் திருவிழாவுக்கு நீங்கள் கூப்பிட்டதற்கு, பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்பதால் இந்த வருஷம் இல்லை. அடுத்த வருஷம் காரில் கூட்டி வருகிறேன். கல்லறைத் தோட்டத்துக்கும் போக வேண்டும் என்கிறாள். உள்ளே.

அக்கா கிரேஸி கொண்டுவந்த நெத்திலியை நேற்று வறுத்தோம். வாணலி புதிது, வாங்கியது கோமு அக்கா. இதை நான் சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. நான் சாப்பிடவில்லை, அந்த அளவுக்கு என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் என் தட்டோடு டெல்பினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மோர் சோறு சாப்பிட்டேன். அவள் தலையோடு முள்ளோடு மென்று தின்றாள், சத்தம் கேட்டது. டாக்டர் உப்பைக் கழுவி அளவாகத் தின்னச் சொன்னதை எடுத்துச் சொன்னேன், காதில் வாங்கவில்லை. ஜன்னல்களைத் திறக்க நான் எழுந்து போகவில்லை.

இன்று காலை பால்காரரிடம் நாளையிலிருந்து அரை லிட்டர் கூடுதலாக ஊற்றச் சொன்னேன். வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காகளா அண்ணாச்சி என்று கேட்டார். இல்லை, வீட்டு ஆள்தான் என்றேன்.

குமரகுருபரன்